ஒரு முழம்

தெருவிலிருந்து எழுபத்தொரு படி.
வண்டி ஏறாது. மனை மலிவு அதனால்தான்.
இதை ஜசென்கோ மூன்றாம் முறை சொன்னபோது
அவன் மனைவி அசெமினா காலணியைக் கழற்றி
உள்ளே புகுந்த களிமண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

மலையேற மச்சான் துணை:
டேப்பின் மறுமுனையோடு
அவள் தம்பி செனாத் சரிவில் இறங்கினான்,
பாதிக்கு மேல் வழுக்கினான்.
பிளம் மரம் ஒன்று அவனைப் பிடித்து நிறுத்தியது.
பதினெட்டு மீட்டர் என்று அங்கிருந்து கத்தினான்.
மரத்தை வரைபடத்தில் அன்றே குறித்துவிட்டேன்.

இரண்டடி நடந்தால் ஓரடி இறக்கம்.
அப்படிப்பட்ட மண்ணில் வீடு
மலைமேல் முதுகைச் சாய்த்துத்தான் உட்கார வேண்டும்.
மேலே வாசல், கூடவே அடுப்படி,
கீழே படுக்கை.
தூங்குவதற்கு இறங்கிப் போகும் குடும்பம்.
சன்னலே இல்லாத ஓர் அறை கேட்டாள் அசெமினா:
ஆம்புலன்ஸில் இரவுப் பணி,
பகலை வெளியே நிறுத்திப் பூட்ட வேண்டும் அவளுக்கு.
மலையை ஒட்டிய இருட்டு மூலை சும்மாதான் கிடந்தது.
கொடுத்தேன்.

தாங்குசுவருக்குப் பின்னால் சரளை,
சரளைக்குள் துளையிட்ட குழாய்.
தண்ணீருக்கு வழி விடாத சுவரை
பனி உருகும் ஏதோ ஒரு மாதத்தில்
மலை திருப்பிக் கேட்கும்.
செலவுக் கணக்கில் ஜசென்கோ அந்த வரியை அடித்தான்.
எழுதினேன்.
அடித்தான்.
எழுதினேன்.

சரயேவோவின் சரிவுகளில் ஒரு வழக்கம்,
எந்த முத்திரைத்தாளிலும் நான் பார்த்ததில்லை:
மேலே இருப்பவர் பார்வையைக்
கீழே கட்டுபவர் தின்னக் கூடாது.
மேலே இருந்தவர் ஹில்மோ, ட்ராம் ஓட்டி ஓய்ந்தவர்.
கதவைத் தட்டி, அளக்க வேண்டும் என்றேன்.
எதை?
உங்கள் கண்ணை.
அவர் சிரிக்கவில்லை. செம்புக் குவளையில் காப்பி வந்தது.
சன்னலோர நாற்காலியில் வழக்கம்போல் உட்கார்ந்தார்.
தரையிலிருந்து கண்வரை நூற்றுப் பதினான்கு சென்டிமீட்டர்.
என்ன பார்ப்பீர்கள் இங்கிருந்து?
பாலத்துக்கு இந்தப் பக்கம் அந்த வளைவு.
ரொம்ப வேகமாகத் திருப்புகிறார்கள் இப்போதெல்லாம்.

அந்தக் கண்ணிலிருந்து வளைவுவரை ஒரு புள்ளிக்கோடு போட்டேன்.
எங்கள் கூரையை அது சீவிக்கொண்டு போனது.
சரியாக ஒரு முழம்.

தோண்டலாம், அடியில் பாறை.
பாறைக்கு ஜசென்கோவிடம் பணம் இல்லை.
கூரையை இறக்கலாம்,
அடுப்படிக்கு மேல் பரண்போல் வைத்த அறையில்
இல்தாவால் நிமிர முடியாது.
பதினொரு வயது. வளர்வாள்.
அதை எந்த அளவுகோலில் வரைவது?

கேட்டுப் பார்க்கலாமே, என்றான் செனாத்,
ஒரு முழம்தானே, வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.
சொல்ல மாட்டார், என்றாள் அசெமினா,
அதனால்தான் கேட்கக் கூடாது.

இல்தாவின் அறை கீழே போயிற்று,
பிளம் மரத்தைப் பார்த்து ஒற்றைச் சன்னலோடு.
அதன்பின் நான் போனபோதெல்லாம்
அவள் என் காலணியோடு மட்டும் பேசினாள்.

ஓடு வேய்ந்த அக்டோபரில்
ஹில்மோ வீட்டை விற்றார்,
மகன் இருக்கும் லின்ஸுக்குப் போய்விட்டார்.
வாங்கியவர் யாரென்று தெரியாது.
அந்தச் சன்னலில் எந்நேரமும் திரை.

அடுப்படியின் தாழ்ந்த உத்திரத்தில்
இன்னமும் நெற்றியை இடித்துக்கொள்கிறான் ஜசென்கோ.
ட்ராமைத் திட்டுகிறான்.

நேற்று கசிவு பார்க்கப் போனேன்.
குழாய் ஒழுங்காகச் சொட்டிக்கொண்டிருந்தது, சுவர் உலர்ந்திருந்தது.
இறக்கிய கூரையின் பின்விளிம்பு
சரிவின் புல்லுக்கு முழங்கால் உயரம்கூட இல்லை,
நான் கவனிக்காத ஒன்று.
புல்லிலிருந்து ஓட்டுக்கு ஒரே எட்டு வைத்து
முகட்டில் போய் உட்கார்ந்திருந்தாள் இல்தா,
பையில் பிளம் பழம், கண் பாலத்தருகே.
வேகமாகத்தான் திருப்புகிறார்கள், என்றாள்
திரும்பிப் பாராமல்.

என் புள்ளிக்கோட்டை அவள் தலை வெட்டியது,
ஒரு முழத்துக்கும் கொஞ்சம் மேலேயே.