பத்தொன்பது நாள்

மார்ச் மாதம். ஏரி இன்னும் இறுகிக் கிடக்கிறது.
வடக்கு சஸ்காட்சுவானில் இது வசந்தம் என்று
நாள்காட்டி மட்டும் நம்புகிறது.
இடது பனிச்சறுக்குக் கால் ஒடிந்து
தண்ணீர் குடிக்கக் குனிந்த மாட்டைப்போல
இறக்கையை ஐஸில் ஊன்றி
நிற்கிறது விமானம்.

நான் இழப்பை அளக்க வந்தவன்.
கம்பெனி கோட்டு, கம்பெனி கேமரா,
முப்பத்தேழு படங்கள்.
இறக்கைக்கு நான்கு, வாலுக்கு இரண்டு.
மிச்சமெல்லாம் காகிதங்களுக்கு.

ஓரெஸ்ட் துபிக்,
நாற்பத்தோரு வருடம் இந்த ஏரிகளின்மேல் பறந்தவர்.
பிரசவ வலிக்காரிகளை, மாவு மூட்டைகளை,
ஒருமுறை தேவாலயத்து பியானோவை
ஒரு கீறல் இல்லாமல் இறக்கியவர்.
மருத்துவச் சான்று பிப்ரவரியோடு முடிந்தது.
விபத்து மார்ச் பத்தொன்பது.

"காற்றுதானே கவிழ்த்தது" என்றாள் ஹலினா,
"காகிதமா கவிழ்த்தது?"
நியாயமான கேள்வி.
ஆனால் பாலிசியின் ஆறாம் பக்கத்தில்
காற்று என்ற சொல்லே இல்லை.
'செல்லுபடியாகும்' என்ற சொல் ஐந்து இடத்தில் இருக்கிறது.
ஒரு மனிதனின் நாற்பத்தோரு வருடம்
செல்லாக் காசாவதற்கு
ஒரு இடம் போதும்.

சொன்னேன். சொல்வதற்குத்தான் சம்பளம்.
விமானத்துக்கு ஒன்றும் வராது.
அதன்மேல் வாங்கிய கடன் அப்படியே நிற்கும்.
பின்னிருக்கையில் வந்த நர்ஸ் ஐவி ஹால்கெட்டின்
காறை எலும்புக்கு நாங்கள் பொறுப்பில்லை,
அவர் வழக்குப் போட்டால் சம்மன்
இந்த வீட்டுக் கதவைத்தான் தட்டும்.
அரசாங்கத்து அபராதம் தனிக் கடிதத்தில் வரும்.
ஐஸ் உடைவதற்குள் விமானத்தைத் தூக்கியாக வேண்டும்,
அந்தச் செலவும்
உங்களுடையதுதான்.

அவர் விறகெடுக்கப் போனார்.

ஹலினா தேநீரை என் பக்கம் நகர்த்தினாள்.
"எனக்கும் லைசென்ஸ் இருக்கிறது.
என் சான்று அக்டோபர் வரை செல்லும்.
நான்தான் ஓட்டினேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.
ஐவி மறுக்க மாட்டாள், கேட்டுவிட்டேன்."

நான் பேனாவை மூடினேன்.
அது மறுப்பா, அவளுக்குக் கொடுத்த அவகாசமா,
இன்றுவரை எனக்கே தெரியாது.

வாசலில் விறகு விழுந்த சத்தம்.
"அந்த இறக்கத்தை உன் பெயரில் எழுதாதே.
காற்று வலப்பக்கம் இருந்தது.
அந்த இறக்கையைத் தாழ்த்தாமல் விட்டேன்,
கற்றுக்குட்டி செய்கிற தப்பு.
நீ இறக்கியிருந்தால்
இது நடந்தே இருக்காது."

அடுப்பில் ஏதோ வெடித்தது.
அவள் அவரைப் பார்த்தாள், நெடுநேரம்,
வீடு போகப்போகிறது என்பதை
சற்று மறந்தவள்போல.
பிறகு என்னிடம் திரும்பி,
"இதை எழுதிக்கொள்ளுங்கள்,
கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில்
முதல் தடவையாகச் சொல்கிறார்."

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
'பிற குறிப்புகள்' என்ற இடத்தில் எழுதினேன்:
விமானி உண்மை பேசினார்.
தலைமையகம் அதை அடித்துவிட்டது,
கோரிக்கைக்குச் சம்பந்தமில்லை என்று.

திரும்பும் நாள் சாலை மூடியிருந்தது.
தன் தம்பியின் விமானத்தில் ஹலினாவே
என்னை ஊருக்குக் கொண்டுவிட்டாள்.
ஏறுமுன் கேட்டேன்,
கேட்கக் கூசியது, கேட்டேன்.
கையுறையைக் கழற்றாமலே
மடித்த காகிதத்தை நீட்டினாள்.
அக்டோபர்.

ஊர் ஏரிமேல் அதே காற்று,
அதே வலப்பக்கத்திலிருந்து.
வலது இறக்கையை மெல்லத் தாழ்த்தினாள்.
ஒரு கால் பனியைத் தொட்டது,
அப்புறம்
மற்றது.
"பார்த்தீர்களா" என்றாள்,
என்னைப் பார்க்காமல்.