வண்டிக்கு முன்னால்

நூற்று அறுபத்து மூன்று படிகள்.
வால்பராய்சோவில், எங்கள் குன்றில்,
வீடு எங்கே என்று கேட்டால்
படிக்கணக்கைத்தான் சொல்வோம்.

வியாழன்தோறும் நால்வர் என்னை
நாற்காலியோடு தூக்கி இறக்குகிறார்கள்.
ரொட்டிக்கடை யெர்கோ எப்போதும் முன்பக்கம், இடது கை.
அவன் கழுத்தில் மாவு வாசனை.
பின்னால் ஒருவன் படிகளை எண்ணுவான்,
எழுபதுக்கு மேல் தப்புத் தப்பாக.
முதல் மாதம் கண்களை மூடிக்கொண்டேன்.
மூட்டைக்குக் கண் எதற்கு?

தகரச் சுவருக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தேன்.
சாரம் சரிந்தது.
அவ்வளவுதான், அதில் கதை ஒன்றும் இல்லை.
பாதிச் சுவர் இன்னும் பழைய பச்சையில் நிற்கிறது.
வீட்டுக்காரர் வேறு ஆளைக் கூப்பிடவில்லை.
அது அன்பா கஞ்சத்தனமா, தெரியாது.

மருத்துவமனையில் எல்லாரும்
கால்களைப் பற்றியே பேசினார்கள்.
"சீக்கிரம் சொந்தக் காலில் நிற்கணும்"
என்று போனில் சொன்ன சித்தப்பா
சொன்ன வாக்கியம் தனக்கே கேட்டதும்
சட்டென்று போனைச் சித்தியிடம் கொடுத்துவிட்டார்.
சிறுநீர்ப்பையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

பேசியவள் மக்லோவியா.
பேருந்து உருண்டு பதினெட்டு வருஷம் ஆகிறது அவளுக்கு.
தீயணைப்பு நிலையத்துக் கழிவறையில்,
பற்றவைக்காத சிகரெட் உதட்டில் ஆட,
"கண்ணாடியை இப்படிப் பிடி.
நாலு மணிக்கு ஒருதரம், கல்யாண வீடானாலும்.
கை கழுவினாயா? மறுபடி கழுவு."

வெளியே, சிவப்பு வண்டியின் மூக்குக்கும்
பெரிய கதவுக்கும் நடுவே, ஒன்பது நாற்காலிகள்.
இந்தக் குன்றடியில் சமதளம் அது ஒன்றுதான்.
கால்மேல் கோப்பையை வைத்தேன்;
மூன்று கைகள் ஒரே நேரத்தில் பாய்ந்து எடுத்தன.
"சுடும். உனக்குத் தெரியாது" என்றார் எலெயுத்தேரியோ.
பதினேழு வயதில் அலைக்குள் தலைகீழாகப் பாய்ந்தவர்;
தேநீரை உறிஞ்சுகுழலில் குடிப்பவர்.
"காற்மணிக்கு ஒருதரம் உடம்பைத் தூக்கி இறக்கு.
தோல் புகார் சொல்லாது. நேரே புண்ணாகிவிடும்."

ஓஸ்மான் இரண்டு வாரம் வந்தான், பிறகு வரவில்லை.
ஞாயிறுகளில் அவன் வீட்டு வாசலுக்குப் போய்
சாத்திய கதவோடு கால்பந்து பேசுவோம்.
ஒருநாள் கதவு ஒரு கை அகலம் திறந்தது.
கேக்கை நீட்டினோம்.
வாங்கிக்கொண்டு மூடினான்.

இடம் தந்தவர்கள் வைத்தது ஒரே நிபந்தனை:
சங்கு ஊதினால் வழி விட வேண்டும்.
முதல்தடவை ஊதியபோது உறைந்துபோனேன்.
கை சக்கரத்தில், சக்கரம் தரையில், தரை வண்டிக்கு.
மக்லோவியா ஒற்றைக் கையால் பின்னிழுத்தாள்.
ஒரு சாண் தள்ளி வண்டி போனது.
எல்லார் வழியிலும் நிற்கிறேன் என்று
பதினோரு மாதமாக எனக்குள் சொல்லிக்கொண்டது
சத்தமாய் வாயில் வந்துவிட்டது.
"அப்படியானால் நகரக் கற்றுக்கொள்" என்றாள்.
கற்றுக்கொண்டோம், பள்ளிப் பிள்ளைகள் மாதிரி,
எலெயுத்தேரியோ விநாடி எண்ண.
நாற்பது. முப்பத்திரண்டு. பத்தொன்பது.

ஆகஸ்ட் குளிரில் ஒரு வியாழன்.
யாரோ வீட்டு எண்ணெய் அடுப்பு கவிழ்ந்து
எங்கள் குன்றுச் சரிவு எரிந்தது.
சங்கு. பதினேழு விநாடி.
தொப்பியின் வாரை இறுக்கியபடி
யெர்கோ வண்டியில் தொற்றி ஏறினான்.
இனி என்னைத் தூக்க மூன்றே பேர்.
அந்த மூவரும் வாளியோடு மேலே ஓடிவிட்டார்கள்.

விடியும்வரை தண்ணீர் கொதிக்க வைத்தோம்.
கரி அப்பிய முகங்கள் வந்தன, குடித்தன, போயின.
ஐந்தரைக்கு யெர்கோ தரையில் உட்கார்ந்தான்,
என் சக்கரத்தில் தலை சாய்த்தான்,
பாதிக் கோப்பையில் தூங்கிவிட்டான்.
மாவு வாசனை இல்லை; புகை.
பிரேக்கைப் போட்டேன்.

காற்மணிக்கு ஒருதரம்,
அவன் விழிக்காதபடி,
கைகளை ஊன்றி
என் எடையை நான் தூக்கினேன்.