இன்று மலை வீட்டில் இல்லை

பதினேழு கொண்டையூசி வளைவுகள்.
எண்ணியவன் நான்.
வண்டி ஓட்டிய ஜெலோஷுக்கு எண்ணிக்கை தெரியாது,
எந்த வளைவில் எவன் உருண்டான் என்பது மட்டும் தெரியும்.
வேனின் கூரையில்
கம்பளி போர்த்திக் கயிறு கட்டிய
குளிர்பதனப் பெட்டி ஒன்று
எங்களோடு பள்ளத்தாக்கில் இறங்கிக்கொண்டிருந்தது.

அல்பேனியாவின் வடக்கு மூலை, தேத்.
ஜூன் மாதம் என்று நாட்காட்டி சொன்னது.
படத்தில் நான் பார்த்த எதுவும்
இருக்கவேண்டிய இடத்தில் இல்லை.
சுண்ணாம்புப் பாறைச் சுவர்கள் நிற்கவேண்டிய இடத்தில்
ஊறிய பஞ்சு.
அருவி உண்டு என்றது காது,
கண் நம்பவில்லை.
"மலை எங்கே?"
"இன்று வீட்டில் இல்லை" என்றான் ஜெலோஷ்,
நின்றுபோன வைப்பரை வெளியே கை நீட்டித் தட்டியபடி.

முதல்நாள் சாரல்.
மறுநாள் பெய்ததற்கு என் மொழியில் பெயரில்லை:
மேலிருந்து வராமல் பக்கவாட்டில் வந்து
சட்டைப்பைக்குள் புகுந்து
பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தது.
மூன்றாம் நாள் ஆலங்கட்டி.
மிரிகாவின் வெங்காயப் பாத்தி
கால்மணி நேரம் வெள்ளையாய்க் கிடந்துவிட்டு
மறுபடி சேறானது.

ஓடை பலகைப் பாலத்தின் மேலேறி ஓடியது.
பெட்டி அக்கரையிலேயே நின்றது,
தார்ப்பாய்க்குள், யாரோ வந்து அழைப்பார்கள் என்பதுபோல.
அதன் அடியில் ஒரு ஆடு குடியேறியது.
மாதா கோயிலுக்குப் போனவர்கள் எல்லாரும்
தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு
விலை கேட்டுவிட்டுப் போனார்கள்.

மிரிகா வானிலைக்காக மன்னிப்புக் கேட்பவள் அல்ல.
ஊற்றுநீர்த் தொட்டியில் பதினொரு பாலாடைக்கட்டி வட்டுகள்,
அறுத்துப் போட்ட புல் நனைந்துகொண்டு வெளியே.
"புல் இப்போது நனைந்தால்
ஜனவரியில் மாடு நம்மைத் திட்டும்" என்றாள்.
விருந்தினர் ஏட்டில் எனக்கு முன் வந்த தம்பதி
'பார்க்க ஒன்றுமில்லை' என்று எழுதி
இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார்கள்.
அவள் அதைக் கிழிக்கவில்லை.
தேதி எழுத மறந்திருக்கிறார்களே என்று
தானே எழுதினாள்.

நான்காம் நாள் ஓடை இறங்கியது.
ஜெலோஷும் மிரிகாவின் தம்பி டோடேயும் ஒரு முனை.
மிரிகாவும் நானும் மறுமுனை.
நான் பின்னோக்கி நடந்தேன்,
பலகையைக் குதிகாலால் தேடித் தேடி.
தார்ப்பாய் நழுவியது.
பாலத்தின் நடுவில்
என் முதுகுக்குப் பின்னால் ஏதோ திறந்தது.
சத்தமில்லை. வெளிச்சம் மட்டும்
என் பிடரியைத் தாண்டி
டோடேயின் முகத்தில் விழுந்தது.
அவன் பார்க்கவில்லை. என் செருப்பையே பார்த்தான்.
"திரும்பாதே" என்றான். "இடதுகால். இன்னும் இடது."

அப்போதுதான்
சாய்த்துப் பிடித்த எஃகுக் கதவில் பார்த்தேன்.
பனிக்கோடுகளோடு, ஈரத்தோடு,
விலைச்சீட்டுக்குச் சற்று மேலே
மொத்த மலையும்
ஒரு பக்கம் சரிந்து நின்றது.
என் மூச்சு பட்டதும் மங்கியது,
துடைக்கக் கை இல்லை.
"கதவைக் கீறிவிடாதே" என்றாள் மிரிகா.
ஏழு அடி. எட்டாவது அடியில் புல்தரை.
இறக்கிவைத்துவிட்டுத் திரும்பினேன்.
பஞ்சு.

மாலையில் செருகியதும் பெட்டி முனகியது.
உள்ளே விளக்கு எரிகிறதா என்று பார்க்க
ஆளுக்கொருமுறை கதவைத் திறந்தோம்,
டோடே மூன்று முறை.
பிறகு பள்ளத்தாக்கு முழுக்க மின்சாரம் போனது.
யாரும் திட்டவில்லை.
வட்டுகளை எடுத்து மறுபடி தொட்டியில் போட்டாள்.

விடிந்தும் மழை.
துணியை நனைத்து
சேறும் ஆட்டு மயிரும் என் ஐந்து விரல்தடமும்
மிரிகா துடைத்தாள், ஒரு அடி தள்ளி நின்றாள்.
"அழகாக இருக்கிறதா?"
பெட்டியைத்தான் கேட்டாள்.
ஆமாம் என்றேன்.