மதிப்பு என்றொரு கட்டம்

எனக்கு எடை தெரியும்.
பகாவ் செம்பனை ஆலையின் எடைமேடையில்
பதினொரு வருஷமாகத் தோட்டத்து லாரிகளை நிறுக்கிறேன்.
குலையோடு உள்ளே, வெறுமையாக வெளியே,
கழித்து எழுதினால் கணக்கு.
தபால் ஆபீஸ் தராசு முன்னால்தான்
முதன்முதலாகத் தடுமாறினேன்.

ஒன்று புள்ளி நான்கு கிலோ.
ஆறு மாதப் பிள்ளைக்கு மஞ்சள் கவுன்,
மைலோ ஒரு பாக்கெட்,
நெத்திலி, மூன்று பை மாற்றிக் கட்டியது,
பாசார் மாலாமில் பேரம் பேசி வாங்கிய சால்வை.
பெறுபவர் பிமலா தாமாங்.
வீட்டு எண்?
இல்லை.
தெரு?
பள்ளிக்கூடத்துக்குக் கீழே, தண்ணீர்த் தொட்டி தாண்டி.
காக் ரொஹானி பேனாவைக் கீழே வைத்து
என்னைப் பார்த்தாள்.

ஆலைக்கு எதிரே கையுறைத் தொழிற்சாலை.
ஷிப்ட் முடிகிற நேரம்
ஒட்டுக்கடையில் ஒரே பெஞ்சு, நான்கு வருஷம்.
அவளுக்குத் தமிழ் வராது, எனக்கு நேப்பாளி வராது.
இருவருக்கும் அரைகுறையாய் வந்த மலாயில்
அவரவர் மாமியாரைத் திட்டிக்கொள்வோம்.

பாரத்தில் மதிப்பு என்றொரு கட்டம்.
நூற்று எண்பது வெள்ளி. உண்மையை எழுதினேன்.
உண்மைக்கு அங்கே வரி உண்டாம்.
காத்மாண்டுவில் பெட்டி உட்கார்ந்துகொண்டது.
பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு
பஸ்ஸில் ஒன்றரை நாள் இறங்கிப்போய்
வரி கட்டி, ரசீது வாங்கி,
நெத்திலியை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தாள்.
(மேசைக்கு அடியில் ஒரு பூனை இருந்ததாம்.)
சால்வையின் உள்மடிப்பில்
நேப்பாளத்தில் நெய்தது என்று துண்டு தைத்திருந்தது.
கவுன் முழங்கையைத் தாண்டவில்லை.
அழகு, அழகு என்றாள் போனில்.
பஸ் காசு பற்றி அவள் பேசவில்லை.
அவள் புருஷன்தான் சொன்னான்.

இரண்டாம் தடவை புத்தி வந்துவிட்டது எனக்கு.
சப்பாத்து, குல்லா, மைலோ,
மைலோவுக்குள் புதைத்த சின்ன வெள்ளிக் கொலுசு.
பொருள்: பழைய துணி.
மதிப்பு: பத்து வெள்ளி.
லாரிக்காரன் ஈரக் குலையைக் கொண்டுவந்து
வாய்கூசாமல் நல்ல குலை என்பானே,
அவன் முகம் ஞாபகம் வந்தது.
கோலாலம்பூரில் ஒரு தேதி,
சிங்கப்பூரில் ஒரு தேதி,
அப்புறம் ஒன்றும் இல்லை.
ஐந்து மாதம் கழித்துக் கடிதம்.
வருந்துகிறோம்.
அறிவித்த மதிப்பின்படி இழப்பீடு பத்து வெள்ளி.
கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தபடி
காக் ரொஹானி நோட்டை நீட்டினாள்.
வாங்கிக்கொண்டேன்.
பழைய துணிதானே.

வேண்டாம், இனி அனுப்பாதே என்றாள் பிமலா.
சரி என்றேன்.
மூன்று வாரம் சரியாகவே இருந்தேன்.

ஒரு மழை மத்தியானம், லாரி வராத நேரம்,
பிள்ளையின் காலைத் தாளில் வைத்து
வரைந்து அனுப்பு என்றேன்.
வந்தது.
பென்சில் கோடு, கூச்சத்தில் விலகிய சுண்டுவிரல்.
ஆனால் போன் திரையில் ஒரு பாதம்
விரலால் இழுத்தால் யானைக்கால்,
விட்டால் மொச்சைக் கொட்டை.
அவளும் இதை யோசித்திருக்கிறாள்.
கோட்டுக்குப் பக்கத்தில், தாளின் மேல்,
ஓர் ஐம்பது காசு.
நம்ம ஐம்பது காசு.
ஒட்டுக்கடையில் மீதி வாங்கி
எண்ணாமல் ஜீன்ஸ் பையில் போட்டது
மலையேறிப் போயிருக்கிறது.

சாயங்காலம் ஆ லான் சப்பாத்துக் கடையில்
சிவப்புச் சப்பாத்து ஒன்றைக் கவிழ்த்து
அடிப்பாகத்தில் நாணயங்களை அடுக்கினேன்.
முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்,
கடன் கேட்க வரவில்லை என்று தெரிந்ததும்
பேப்பருக்குத் திரும்பிக்கொண்டார்.
படத்தில் பாதம் ஆறு காசு நீளம்.
ஆறு வைத்தேன்.
கொஞ்ச நேரம் நின்றேன்.
ஏழாவதையும் வைத்தேன்,
தபாலுக்கு.