மலையூர் நெசவுக்கூடம்

வினிபெக்கில் மைனஸ் முப்பத்தொன்று.
வெளியே காரின் மூக்கில் மின்வயர் மாட்டிக் கிடக்கிறது.
உள்ளே நான் பார்லி விலை பார்க்கிறேன்.

வாளோடு போகச் சொல்லித்தான் தொடங்கியது விளையாட்டு.
குதிரை, கேடயம், தீர்க்க ஒரு குடும்பப் பகை
எல்லாம் தந்தது.
கேடயத்தை விற்றுக்
கோவேறு கழுதை ஒன்று வாங்கினேன்.
பகை அப்படியே கிடக்கட்டும்.

கடலூரில் உப்பு மலிவு.
மலையூரில் உப்புக்கு அடிபிடி.
நடுவில் காடு, காட்டில் கள்வர்.
கள்வருக்கும் ஒரு பங்கு போட்டுத்தான்
விலையே சொல்வேன்.

பத்தொன்பதாம் நாள் ஒரு பியர் ஆலை.
பதினாலாயிரம் பொற்காசு, காசாகவே எண்ணி வைத்தேன்.
சீட்டுப் பிடிக்கவில்லை, கழிவு கேட்கவில்லை,
முதல் சீட்டை எடுத்துக்கொண்டு
போனை அணைத்துவிட்டு எட்மன்டன் போன
மங்களேஸ்வரி அக்கா
அந்த ராச்சியத்தில் இல்லை.

விடிந்ததும் திரையின் இடது மூலையில்
சின்ன எழுத்தில் வரும்:
பியர் ஆலை, வரவு நாற்பத்தாறு.
தூங்கி எழும்பியதற்கு
அதுவரை எவரும் எனக்குக் காசு தந்ததில்லை.

அதே ஊரில் இரண்டாவது ஆலையும் போட்டேன்.
குடிக்கிறவன் அவனேதான்,
ஊற்றுகிற கை மட்டும் இரண்டு.
விலை விழுந்தது. கையைச் சுட்டுக்கொண்டபின்
டொலராமாவில் ஒரு கொப்பி வாங்கினேன்:
எங்கே பருத்தி, எங்கே ஆலிவ்,
எந்த இளவரசன் யாரோடு கோபம்.
ஜன்னல் கொம்பனியில்
கண்ணாடி வெட்டும் அளவுகளும் அதே கொப்பியில்.
ஒருநாள் பக்கம் மாறி
எண்ணெய் விலைக்கு ஒரு கண்ணாடி வெட்டிவிட்டேன்.
டேரில் பார்த்தான்,
உடைந்ததோடு போட்டுவிடு என்றான், அவ்வளவுதான்.

மூன்றாவது, மலையூரில் நெசவுக்கூடம்.
கதவைத் திறந்தால் ஒரே பெண்
ஒரே நாடாவை
ஒரே பக்கம் எறிந்துகொண்டிருப்பாள்.
விளையாட்டு அவளுக்குப் பெயர் வைக்கவில்லை.
நானும் வைக்கவில்லை.
பெயர் வைத்தால் கூலி கூட்டிக் கேட்பாள்
என்று ஒரு பயம்.

தை பிறந்த கையோடு
வடக்கு அரசன் மலையூரை வளைத்தான்.
பருத்தி உள்ளே போகவில்லை. துணி வெளியே வரவில்லை.
வரவு பூச்சியம்.
கூலி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது,
செலவு முப்பது, செலவு முப்பது,
மூட்டையில் எலி வைத்த ஓட்டைபோல.
ஆறு நாள் பொறுத்தேன்.
ஏழாம் நாள் பாதி விலைக்கு விற்கப் போனேன்.
பெட்டி ஒன்று எழும்பி
உறுதியா என்று கேட்டது.

ஆம்.

அந்தக் கிழமையே, வியாழன்,
டேரில் எங்கள் பதினொரு பேரைச்
சாப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டான்.
ஓடர் இல்லை என்றான். வட்டி ஏறிவிட்டது,
வீடு கட்டுகிறவன் கட்டவில்லை என்றான்.
மற்றவர்கள் ஏன் ஏன் என்று கேட்டார்கள்.
எனக்கு அவன் சொன்ன கணக்கு
கடைசிச் சதம்வரை விளங்கியது.
வெட்கமாக இருந்தது.
மைக்ரோவேவ் மூன்று தரம் கத்தியது,
யாருடைய சோறோ.
மாரிசெல் அழுதாள்.
அவள் காலையில் கொண்டுவந்த ஊதா நிறக் கேக்
என் வாயில் இருந்தது,
விழுங்குவதா என்று தெரியவில்லை.

முற்றுகை மாசியில் முடிந்தது.
மலையூரில் இப்போது துணிக்கு மூன்று மடங்கு விலை.
கூடத்தைப் போய்ப் பார்த்தேன்.
வாசலில் வேறு ஒருவரின் பெயர்.
உள்ளே அதே பெண், அதே நாடா, அதே பக்கம்.
முன் வந்து நின்றேன். நிமிரவில்லை.
நிமிரும்படி அவளைச் செய்யவில்லை.
திரும்ப வாங்க இருபத்தோராயிரம் கேட்கிறார்கள்,
என்னிடம் ஒன்பது.

வேலையிழந்தோர் பணம் வர
இன்னும் இரண்டு கிழமை என்கிறது கடிதம்.
கழுதைக்கு இரண்டு மூட்டை உப்பு ஏற்றியாயிற்று.
காட்டுக்குள் இறங்குமுன்
கீழே போய்
கார் ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்க்க வேண்டும்.