நாலு விரற்கடை இடப்பக்கம்

ரெண்டாலன் பள்ளத்தாக்கில் ஆகஸ்ட் கடைசி.
எல்க் வேட்டைக்கு இன்னும் நாலு வாரம்.
சுடுதளத்தின் தகரக் கூரையடியில்
மணல்மூட்டை மேல் கிராக்கைக் கிடத்தினேன்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று என்று
இரும்பில் குத்தியிருக்கிறது.
வலப்பக்கம் ஒரு சின்னக் கதவு;
திறந்து தோட்டாக்களைக் கொட்டி மூடினால் போதும்,
உள்ளே அவை தாமாகவே வரிசைக்கு வந்துவிடும்.
தபால் பட்டுவாடா செய்பவள் நான்.
அந்தக் கதவுக்காகவே வாங்கினேன் என்றும் சொல்லலாம்.

விற்றவர் டோர்கிரிம். பின்னால் மடக்கு நாற்காலியில்,
பிளாஸ்க் காப்பியோடு.
"குறி தப்பாது. முப்பத்தோரு வருஷம்."
பணம் எண்ணும்போது சொன்னார். இப்போதும் சொன்னார்.

நூறு மீட்டர்.
துடைத்த குழல், குளிர்ந்த குழல்.
மூச்சைப் பாதி விட்டு, மீதியை நிறுத்தி,
எப்போது வெடித்ததென்று எனக்கே தெரியாதபடி
விசையை அழுத்தினேன்.
மூன்று முறை.

மூன்று துளைகளையும்
ஒரு பிளாஸ்க் மூடியால் மறைத்துவிடலாம்.
ஆனால் மூடியை வைக்க வேண்டிய இடம்
நடுவட்டத்துக்கு நாலு விரற்கடை இடப்பக்கம்,
ஒரு விரல் மேலே.

"காற்று," என்றார் டோர்கிரிம்.
எல்பியோர்க் கட்டியிருந்த சிவப்புக் கொடி
பிழிந்து போட்ட துண்டுபோல் தொங்கிக்கொண்டிருந்தது.
"அப்போ உன் தோள்."
மறுபடி மூன்று. அதே இடம்.
"தோட்டாவை மாற்று." மாற்றினேன். அதே இடம்.
இவ்வளவு ஒழுங்காக யாரும் தப்புச் செய்வதில்லை.

பிறகு அவர் உட்கார்ந்தார்.
நடு. நடு. நடுவின் ஓரம்.
எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.
ஒன்றும் சொல்லவில்லை; சொல்ல என்ன இருக்கிறது?

எது என்னைத் தூண்டியதோ.
"இன்னும் ஐந்து சுடுங்கள், நான் நிரப்புகிறேன்" என்று
கதவைத் திறந்தேன்.
மூன்றாவதாக, மருந்தில்லாத
போலித்தோட்டா ஒன்றை உள்ளே விட்டேன்.

டம்.
டம்.
டிக்.

வெறும் டிக்தான். ஆனாலும் குழல்
வலப்பக்கம் வெட்டி இழுத்து, தலை குனிந்தது.
அவர் கண்கள் இறுக மூடியிருந்தன.
வராத வெடிக்கு
முழுக் கையும் உடம்போடு ஒடுங்கியிருந்தது.

எல்பியோர்க் பேரேட்டைத் திறந்து
எதையோ எழுதத் தொடங்கினாள்,
எழுத எதுவும் இல்லாதபோதும்.

மீதி இரண்டையும் உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு
முன்குறியைக் குனிந்து பார்த்தேன்.
நூலளவு வலப்பக்கம் தட்டி நகர்த்தியது.
நுனியில் அரம் ஓடிய தடம்.

"அண்ணனுடைய துப்பாக்கி ஒருமுறை
என் கன்னத்தருகே பிளந்தது," என்றார்.
"அப்போதிருந்து கண் தானாக மூடிக்கொள்ளும்.
கண்ணைத் திருத்த முடியவில்லை.
இதைத் திருத்திக்கொண்டேன்."

முப்பத்தோரு இலையுதிர்காலம்
ஒருவரின் பயத்தைக் கழித்துவிட்டு
நேராகச் சுட்டிருக்கிறது இந்த இரும்பு.
அவர் வீட்டு உறைபெட்டியில் கிடந்த இறைச்சி
பொய்யில்லை.

பித்தளைக் கம்பியும் சுத்தியும்
அவர் பெட்டியிலேயே இருந்தன.
"நீயே தட்டு," என்றார். உடனே, "பொறு.
அந்த இரண்டைக் கொடு."
சுட்டார்.
எங்கே பட்டதென்று நான் பார்க்கவில்லை.

தட்டினேன். மயிரிழை. இன்னும் ஒரு மயிரிழை.
குறி விலகிய இடத்தில்
வெயில் காணாத இரும்பு
கடிகாரம் கழற்றிய மணிக்கட்டுபோல்
வெளிறிக் கிடந்தது.
டோர்கிரிம் கட்டைவிரலால் அதில் எண்ணெய் தடவினார்,
தேவைக்கு மேல் கொஞ்ச நேரம்.

அடுத்த மூன்றும் பக்கவாட்டில் சரி.
மேலே போகும் அந்த ஒரு விரல் மட்டும் அப்படியே.
அரம் தின்றதைத் திரும்ப வைக்க முடியாது.
இனி எல்க் வந்தால்
கொஞ்சம் தாழ்த்திப் பிடிக்க வேண்டும் நான்.