தலைக்கு ஒரு கிலோ

சட்டம் சுருக்கமானது:
தலைக்கு ஒரு கிலோ இறைச்சி.
மேற்கொண்டு கிலோவுக்குப் பதினேழு ஃபிராங்க்.
வயிற்றைப் பற்றி அது கேட்பதில்லை,
தலையை மட்டும் எண்ணும்.

கிரோய்ட்ஸ்லிங்கன் சாவடியில்
பத்தொன்பது வருடமாக எண்ணுகிறேன்.
சனிக்கிழமை காலை
காலிப் பையோடு ஜெர்மனிக்குள் போகிறவர்கள்
மதியம் கைப்பிடி அறுந்துவிடுமோ என்று
சாய்ந்து சாய்ந்து திரும்புகிறார்கள்.
அந்தப் பக்கமும் இதே மழை, இதே புல்.
விலை மட்டும் பாதி.

ஷ்டேலி குடும்பம் வண்டிக் கதவைத் திறந்து
தானே தலைகளைக் காட்டும்:
இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து,
கூடையில் தூங்குவது ஆறு.
அவனுக்குப் பல் முளைக்கவில்லை. ஆனாலும் அவன் கணக்கில்
ஒரு கிலோ பன்றித்தொடை நாட்டுக்குள் நுழைகிறது.
ஒரு முறை கர்ப்பிணி ஒருத்தி வயிற்றைத் தொட்டு
"இது?" என்றாள். சிரித்தேன்.
அன்றிரவு விதிப் புத்தகத்தைப் புரட்டவும் செய்தேன்.

மைத்துனன் ஹன்சுவேலிக்கு
மலைச்சரிவில் பதினான்கு மாடுகள்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்.
"நீ கையை எடுத்தால்
அடுத்த வருடம் இங்கே கோல்ஃப் மைதானம்" என்பான்.
பொய்யில்லை.
எங்கள் தெருக் கசாப்புக்காரர் கடையை மூடிய அன்று
தராசை என் கையில் கொடுத்தார்,
"உனக்காவது பயன்படும்."

நான் எல்லை தாண்டி வாங்குவதில்லை.
சீருடை கழற்றிய முகத்தையும் இந்த ஊருக்குத் தெரியும்.
எங்கள் வீட்டில் ஞாயிறு மட்டும் கறி.
ரெகுலா அதைக் கத்தியின் நிழல் தெரியும் மெலிவில் நறுக்குவாள்.
பேசாமல் மெல்லுவோம்.
தட்டை ரொட்டியால் துடைப்போம்.
பக்கத்து வீட்டுக் குப்பைப் பையிலோ
பிரிக்காத பொட்டலம்,
யூரோ விலைச்சீட்டோடு.
"விலை ஏறினால் நாக்கு நிதானமாகிறது" என்றேன் ஒரு நாள்.
"சம்பளம் ஏறாததற்கு
நல்ல பெயர் வைக்கிறாய்" என்றாள்.

திருமதி ப்ருங்கர் சனி தவறாமல் கணவரோடு வருவார்.
எர்வின் பையைத் தூக்குவார், அவர் ரசீதை நீட்டுவார்.
இரண்டு கிலோ. ஒரு கிராம் கூடியதில்லை.
நவம்பரில் நாலு வாரம் காணோம்.
ஐந்தாம் வாரம் தனியாக வந்தார்.
இரண்டு கிலோ.

"இன்னொருவர்?"
"வண்டியில்."

எட்டிப் பார்ப்பது என் வேலை.
முன்னிருக்கை
நீளக் கால்களுக்காகப் பின்னால் தள்ளியது தள்ளியபடியே இருந்தது.

அவருக்குப் பின்னால் பதினோரு வண்டிகள்.
விட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.
விரல் தன் பழக்கத்தில் தட்டிவிட்டது:
அதிகம் ஒரு கிலோ, பதினேழு ஃபிராங்க்.

சில்லறையாக எண்ணி வைத்தார்.
கடைசி நாணயத்திலிருந்து விரலை எடுக்காமல் சொன்னார்:
"நான் கேட்கவில்லை.
கடைக்காரப் பெண் என் முகத்தைப் பார்த்ததும்
இரண்டு கிலோ வெட்டிவிடுகிறாள்."

ரசீதில் ஒரு கட்டம் உண்டு: பொருள் விவரம்.
மாட்டிறைச்சி என்று எழுதினேன்.

அடுத்த சனிக்கிழமை
அவர் தராசில் வைத்தது அறுநூறு கிராம்.
இன்னும் நானூறு உங்களுக்கு உண்டு என்று
சொல்ல வாயெடுத்தேன்.
பின்னால் ஹாரன் அடித்தார்கள்.